மூன்றாங்கட்டில் தொடங்கிய வரலாற்று வகுப்பு

சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டு வணிகர் வீட்டின் திண்ணையில் என் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 42 பேரையும் உட்கார வைத்து, தூண்களைப் பற்றியும் நிலைக்கதவைப் பற்றியும் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “டீச்சர், இந்த மாதிரி வீடு எங்க தெருவுலயே எட்டு இருக்கு. இதைப் பார்க்கவா ராத்திரி பூரா பஸ்ல வந்தோம்?” என்று கேட்டான். அவன் கேலியாகக் கேட்கவில்லை. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்ப் பையன் அவன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டான். அப்போதைக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்விதான் அடுத்த இரண்டு ஆண்டுகளில் செட்டிநாட்டுக்குள்ளேயே என்னை மூன்று முறை மாணவர்களோடு புறப்பட வைத்தது. அந்த மூன்று பயணங்களில் நான் கற்றுக்கொண்டதை, பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ அழைத்துக்கொண்டு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் தட்சிணசித்ராவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனின் கேள்வியால் அந்த இடத்தின் அருமை எனக்குக் குறைந்துவிடவில்லை. பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து ஒரே வளாகத்தில் மறுபடி எழுப்பி, அவற்றுக்குள் பழைய தொழில்களையும் நடத்திக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் என்ற எண்ணம், 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்ட்டூர் ஹசேலியுஸ் தொடங்கிய ஸ்கான்சென் என்ற இடத்திலிருந்து உலகெங்கும் பரவியது. தொழிற்சாலைகள் பெருகிக் கிராமத்து வாழ்க்கை கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்த காலத்தில், பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் போதாது, வீட்டோடும் வேலையோடும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார். நம் பக்கத்தில் அந்த வேலையை, 1984-இல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் எடுத்துக்கொண்டது. கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்துக் கொடுத்த வளாகம் 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னாட்டு வீடுகள் அங்கே தெருத்தெருவாக நிற்கின்றன. அங்கே ஒரு பிள்ளை திண்ணையில் உட்காரலாம், குயவரின் சக்கரத்தில் கை வைக்கலாம், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நூறடி நடந்து கூரையையும் முற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த ஒப்பீட்டை வேறெங்கும் செய்ய முடியாது. வெளியூரிலிருந்து போகிறவர்கள் செவ்வாய்க்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை.

என் தவறு வேறு இடத்தில் இருந்தது. அந்த இடத்துக்கு எதைத் தேடிப் போகிறோம் என்று நானே யோசித்திருக்கவில்லை. அதே தவறைச் செட்டிநாட்டுக்குள் நடந்த முதல் பயணத்திலும் செய்தேன்.

அந்த முதல் பயணத்துக்கு 40 பிள்ளைகளை ஒரே பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனேன். காலையில் ஆத்தங்குடி பெரிய வீடு, பிறகு கானாடுகாத்தான் தெருக்கள், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை வெளியிலிருந்து, மதியத்துக்கு மேல் காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டின் முகப்பு, மாலையில் பிள்ளையார்பட்டி. ஒவ்வொருவர் கையிலும் நானே தயாரித்த வினாத்தாள் ஒன்று. ‘தூண்கள் எந்த நாட்டு மரம்? தரை எந்த நாட்டுக் கல்? கண்ணாடி எங்கிருந்து வந்தது?’ என்பவைதான் கேள்விகள். இரவு வீட்டுக்கு வந்து திருத்த உட்கார்ந்தபோது 40 தாள்களிலும் ஒரே விடை இருந்தது: பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு. வீடு காட்டுகிறவர்கள் எல்லா இடத்திலும் அதே வரிசையில் அதையே சொல்லியிருந்தார்கள். அது பொய்யில்லை. வட்டித் தொழிலுக்காக பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கடல் கடந்து போன நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், அந்தப் பொருள்களைக் கப்பலில் கொண்டுவந்து இந்த வறண்ட பூமியில் இறக்கியது உண்மைதான். ஆனால் என் மாணவர்கள் எழுதியிருந்தது ஒரு கொள்முதல் பட்டியல். அந்த வீட்டில் ஒருவர் தூங்கினார், ஒருவர் சமைத்தார், ஒரு குழந்தை பிறந்தது, ஒரு மழை பெய்தது என்பதற்கு அந்தத் தாள்களில் ஓர் அடையாளமும் இல்லை. பிழை பிள்ளைகளுடையதில்லை, நான் கேட்ட கேள்விக்கு அவர்கள் சரியான விடையைத்தான் எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது பயணத்துக்கு முன்னால் கேள்வியை மாற்றினேன். ‘இது எங்கிருந்து வந்தது?’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்த இடத்தில் என்ன வேலை நடந்தது, அதை யார் செய்தார்கள்?’ என்ற ஒரே கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டேன். வினாத்தாளை நிறுத்தினேன். 14 பிள்ளைகள் மட்டும், ஒரே ஒரு வீடு மட்டும் என்று முடிவு செய்தேன். மற்றவர்களுக்கு மூன்றாவது பயணம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வகுப்பில் சமாதானம் ஆனது.

ஒரு வீட்டுக்குள் போவதற்கு அனுமதி பெறுவது எளிதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் சில இருக்கின்றன. அவற்றுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். மற்ற வீடுகள் ஒவ்வொன்றும் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார். சாவி காரைக்குடியில் ஒருவரிடம் இருக்கும். ஒருவர் சம்மதித்தால் போதாது. முதலில் நான் ஒரு பங்காளியிடம் மட்டும் கேட்டுக்கொண்டு ஏற்பாடு செய்த வீடு, புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, மற்றொரு பங்காளி வீட்டுப் படைப்புக்காகத் தேவைப்படுகிறது என்று கைவிட்டுப் போயிற்று. அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்னோர்க்குப் படைப்பதற்கும், கல்யாணத்துக்கும், அறுபதாண்டு நிறைவுச் சாந்திக்கும்தான் அந்த வீடு இன்னும் நிற்கிறது. நாம் போவது ஒரு காட்சிக் கூடத்துக்கு அல்ல, இன்னொருவருடைய ஐயா வீட்டுக்கு. குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே கேளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த எந்த இடம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தை, வைகாசி போன்ற முகூர்த்த மாதங்களில் கேட்காதீர்கள். வீடு திறந்திருக்கும், ஆனால் அது அவர்களுடைய நேரம்.

அந்தப் பயணத்துக்குத் துணையாக வந்தவர் என் மாணவி ஒருத்தியின் அம்மாச்சி. வகுப்பில், ‘பெரிய வீட்டுக்குள் யாருக்காவது போன பழக்கம் உண்டா?’ என்று கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தப் பெண் என் மேசைக்கு வந்து, “எங்க அம்மாச்சி சின்னப் பிள்ளையில அங்கெல்லாம் மாவு இடிக்கப் போவாங்களாம் டீச்சர்” என்று மெல்லிய குரலில் சொன்னாள். அதைச் சொல்வதற்கு அவள் தயங்கிய தயக்கம் எனக்கு வேதனையாக இருந்தது. ஒரு வீட்டின் தூணைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசும்போது, அந்த வீட்டின் உரலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பிள்ளை கூச்சப்படும்படி என் வகுப்பு நடந்திருக்கிறது.

எழுபது வயதுக்கு மேற்பட்ட அந்த அம்மாவை வீட்டுக்குப் போய்ப் பார்த்து அழைத்தேன். “நான் வந்து என்னத்தச் சொல்லப் போறேன் டீச்சரம்மா” என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, “பின்வாசல் வழியாப் போனா எனக்கு எல்லாம் தெரியும்” என்றார். அதனால் நாங்கள் பின்வாசல் வழியாகவே போனோம்.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அளவுக்கு நீளமானது. முகப்பு, அதை அடுத்துப் பட்டாலை, நடுவில் திறந்த முற்றத்தோடு கூடிய வளவு, பிறகு இரண்டாங்கட்டு, அடுப்படிகள் இருக்கும் மூன்றாங்கட்டு, கிணறும் தோட்டமும் என்று அடுக்கடுக்காகப் போகும். முன்வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குள் கதவாக, பின்வாசலின் வெளிச்சம் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். எல்லாப் பயணிகளும் அந்தக் கோட்டின் முன்முனையிலிருந்துதான் பார்க்கிறார்கள். நாங்கள் மறுமுனையில், தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு, கிணற்றடியில் நின்றோம்.

அம்மாச்சி மூன்றாங்கட்டுக்குள் கால் வைத்ததும் குனிந்து தரையைப் பார்த்தார். “இங்கதான் குந்தாணி கெடந்துச்சு” என்று பெரிய உரல் இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். தரையில் வட்டமாக ஒரு தேய்மானம் இருந்தது. முதல் பயணத்தைப் போல அவர் இல்லாமல் வந்திருந்தால் அதைக் கடந்து போயிருப்பேன். கல்யாணம் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே மாவு இடிக்கத் தொடங்குவார்களாம். பச்சரிசியை ஊற வைத்து, வடித்து, ஓர் உரலுக்கு இரண்டு பேராக எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்களாம். ஒருவர் உலக்கை மேலே போகும்போது மற்றவர் உலக்கை கீழே வர வேண்டும். தாளம் தப்பினால் உலக்கைகள் மோதிக்கொள்ளும். ஒன்பது, பத்து வயதில் தன் தாயோடு வந்த அவருக்கு முதலில் கொடுக்கப்பட்ட வேலை சலிப்பது. பிறகுதான் உலக்கை கைக்கு வந்தது.

மூலையில் ஓர் உரல் இன்னும் இருந்தது. வீட்டுக்காவலர் ஓர் உலக்கையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நாங்கள் முன்பே கொண்டுபோயிருந்த ஒரு படி அரிசியை அதில் போட்டு, பிள்ளைகள் முறை வைத்து இடித்துப் பார்த்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. அம்மாச்சி எழுந்து வந்து உலக்கையை வலது கையால் ஓங்கி, அது கீழே போய்த் திரும்பும்போது இடது கைக்கு மாற்றி, மறுபடி ஓங்கிக் காட்டினார். எடை ஒரு தோளிலேயே நிற்காமல் இருப்பதற்காக அப்படிக் கை மாற்றுவது என்பதை அவர் விளக்கவில்லை. செய்து காட்டியதிலேயே பிள்ளைகளுக்குப் புரிந்தது. உயிருள்ள வரலாறு என்று எங்கோ படித்த சொல்லுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் கிடைத்தது.

இரண்டாங்கட்டுக்குப் போகும் வாசற்படி வந்ததும் அவர் நின்றுவிட்டார். “இதுக்கு அங்கிட்டு நான் போனதில்ல” என்றார். பிள்ளைகள் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு, இப்போது காரைக்குடியில் இருக்கும் ஆச்சி எங்களுக்காக அன்று வந்திருந்தார். அவர் உள்ளிருந்து வந்து, “என்னத்தா அங்கேயே நின்னுட்ட, உள்ள வா” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். அந்தப் படியைப் பற்றி நான் பிள்ளைகளிடம் அப்போது எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் வகுப்பில் அதற்கென்று ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கினேன். அதற்குத் தேவை இருந்தது.

வளவில் தூணோரமாக இரண்டு பேரும் உட்கார்ந்ததும், யாரும் எதிர்பாராத ஒரு விவாதம் தொடங்கியது. இந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். ஆச்சி ஐந்து என்றார். அம்மாச்சி, ஐந்தா, பன்னிரண்டுக்குக் குறையாது என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நகரத்தார் வழக்கத்தில் மகனுக்குத் திருமணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ உண்டு. ஒரே கூரையின் கீழ், வளவைச் சுற்றியுள்ள அறைகளில் அந்தப் புதிய குடும்பத்துக்கு உரியது ஒதுக்கப்படும். அவர்கள் ஒரு புள்ளியாகக் கணக்கிடப்படுவார்கள். ஆண்டுக்கு வேண்டிய தானியமும் பணமும் அளந்து கொடுக்கப்படும். அவர்கள் தனியே சமைத்துக்கொள்வார்கள். ஆச்சி சொன்ன ஐந்து, அப்படி ஐந்து புள்ளிகளின் அடுப்புகள். அம்மாச்சி சொன்ன பன்னிரண்டு, கல்யாண நாள்களில் தோட்டத்தில் மண்ணை வெட்டிப் போட்ட கோட்டை அடுப்புகளையும் சேர்த்து. இருவரும் சொன்னது சரி. ஒருவர் நின்ற இடத்திலிருந்து மற்றவர் நின்ற இடம் தெரியவில்லை. ஒரு சான்றை எப்படி விசாரிப்பது என்பதை நான் பத்து ஆண்டுகளாகப் பாடமாக நடத்தி வருகிறேன். அந்த அரை மணி நேரத்துக்கு அது ஈடாகாது.

ஆகவே போகிறவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்லும் முதல் யோசனை, தனியே போகாதீர்கள் என்பதுதான். அந்த இடத்தில் வேலை செய்த ஒருவரையும், முடிந்தால் வாழ்ந்த ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய அன்றைய கூலியையும் போக்குவரத்தையும் நீங்கள் கொடுங்கள். மரியாதை என்று ஒரு துண்டு போர்த்திவிட்டு அனுப்பிவிடக் கூடாது.

வளவில் பிள்ளைகள் அதிக நேரம் செலவழித்தது தண்ணீரோடுதான். ஆச்சியிடம் கேட்டுக்கொண்டு முற்றத்தின் மூலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எல்லோரும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த கல்தரையில் தண்ணீர் தயங்காமல் ஒரு மூலைக்குப் போய், அங்கிருந்த துளைக்குள் இறங்கியது. நாட்டு ஓடுகள் வேய்ந்த நான்கு பக்கச் சரிவுக் கூரையும் மழையை முற்றத்துக்குத் தள்ளுகின்றன. தகரக் கால்வாய் வழியாக விழும் நீரை அண்டாக்களில் பிடித்துக்கொண்டது போக மிச்சம் அந்தத் துளை வழியாக வெளியேறும். பெரிய ஆறு எதுவும் இல்லாத இந்தப் பகுதியில் ஊரணிகளும் கண்மாய்களும்தான் ஊரைக் காப்பாற்றின என்பதை வீட்டின் நடுவிலேயே பார்க்க முடிகிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது செட்டிநாட்டு ஊர்கள் தொகுதியாகத்தான் சேர்க்கப்பட்டன, தனி மாளிகையாக அல்ல. தெருவும் நீர்வழியும் ஊரணியும் சேர்ந்ததுதான் இந்த ஊர்களின் கட்டடக்கலை. ஆகையால் வீட்டைப் பார்த்து முடித்ததும் வாகனத்தில் ஏறிவிடாமல், அந்தத் தண்ணீர் போகும் வழியிலேயே ஊரணி வரை நடந்து போங்கள். எங்களுக்கு அது கால் மணி நேர நடைதான்.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்க வைத்து அரைத்து, பல படலங்களாகப் பூசி, கடைசிப் படலத்தில் முட்டை வெண்கருவைச் சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. கையை வைத்தால் பளிங்கைப் போல வழுவழுப்பாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும். நாங்கள் போனது பங்குனி மாதம், பதினொரு மணி வெயில். தெருவில் கால் வைக்க முடியாத நேரத்தில் வளவின் நிழலில் வெறுங்காலோடு பிள்ளைகள் சுகமாக நின்றார்கள். ஆனால் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரே இடத்தில், உலர்ந்த கையால் மட்டும் தொடச் சொல்லுங்கள். கையின் எண்ணெயும் வியர்வையும் நூறு பேர் தொட்டால் கறையாகிவிடும்.

‘இவ்வளவு பெரிய வீட்டை ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள்?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள். பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் ஈடாக வந்து சேர்ந்ததில், 1938-இல் அது 25 விழுக்காடு ஆனது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வர வேண்டியதாயிற்று. பர்மாவின் விடுதலைக்குப் பிறகும், 1960-களின் நாட்டுடைமையாக்கத்துக்குப் பிறகும் அந்தச் சொத்து திரும்பவில்லை. வீடு கட்டிய பணம் வந்த வழி அடைபட்ட பிறகு, பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்கும் நகரங்களுக்குப் போனார்கள். இதைச் சொல்லும்போது நிலத்தை இழந்த பர்மிய விவசாயியையும் சேர்த்தே சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பெண், “அப்ப இந்தத் தேக்குத் தூணுக்கு அவங்களும் காசு கொடுத்திருக்காங்க” என்றாள். அதை விடச் சரியாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்றாவது பயணத்தில் ஆத்தங்குடிக்குப் போனோம், வீட்டைப் பார்க்க அல்ல, தரையில் பதிக்கும் பூவேலைக் கல் வார்ப்பதைப் பார்க்க. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலைக்கான அச்சைப் பொருத்தி, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஒவ்வோர் அறையிலும் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பிறகு ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் செய்து காய வைக்கிறார்கள். பின்னர் சில நாள்கள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிறது. சூளையே கிடையாது. மெருகு முழுவதும் அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. கண்ணாடியை உரித்தெடுத்தால் பூ பளபளவென்று முகம் காட்டுகிறது. வேலை செய்தவர் எங்கள் கண்ணெதிரே ஒரு பூவை வெறும் கைவீச்சில், அச்சே இல்லாமல், குழம்பைக் கோடாக இழுத்து வரைந்தார். எத்தனை ஆண்டு ஆயிற்று இது கைவர என்று கேட்டோம். சிரித்துவிட்டு, அடுத்த கல்லை எடுத்துக்கொண்டார்.

பட்டறைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நாங்கள் போன பட்டறையில் வார்ப்பு வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. பிற்பகலில் வந்த ஒரு குடும்பம் அடுக்கி வைத்த கற்களை மட்டும் பார்த்துவிட்டுப் போனது. அவர்கள் கல் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள். நம் கேள்விக்கு நின்று பதில் சொல்லும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு நட்டம் என்பதை நினைவில் வைத்து, முன்கூட்டியே முதலாளியிடம் பேசி அந்த நேரத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டோம். கண்டாங்கிச் சேலை நெய்யும் தறியைப் பார்க்கப் போனபோதும் இதே வழியைத்தான் கடைப்பிடித்தோம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பிள்ளைகளுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் தறிக்குழியில் ஒருவன் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்த பிறகு கேட்ட கேள்வி, குறியீடு வந்ததில் கூலி ஏறியதா என்பதுதான்.

அன்று மாலை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளுக்குப் போவதா வேண்டாமா என்று நெடுநேரம் தயங்கிவிட்டுத்தான் போனேன். பிரித்த வீடுகளின் தூண்களும், கஜலட்சுமி செதுக்கிய நிலைகளும், எனாமல் தூக்குகளும், யாரோ ஒருவருடைய திருமணப் படமும் அங்கே சாய்ந்தும் தொங்கியும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் அந்தக் கேள்வி கேட்ட அதே பையன், இப்போது பத்தாம் வகுப்பு, ஒரு தூணைத் தொட்டுக்கொண்டே, “இது எந்த ஊரு வீட்டுத் தூணுண்ணே?” என்று கடைக்காரரிடம் கேட்டான். அவருக்குத் தெரியவில்லை; அது எத்தனையோ கை மாறி வந்திருந்தது. பையன் என்னிடம் திரும்பி, “அங்க எந்த ஊரு வீடுன்னு எழுதி வச்சிருந்தாங்க டீச்சர்” என்றான். நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். ஊரோடும் அறையோடும் பெயரோடும் சேர்த்து ஒரு வீட்டைப் பெயர்த்து வைப்பதற்கும், பெயரில்லாமல் துண்டு துண்டாக விற்றுப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை அவனே கண்டுபிடித்துக்கொண்டான். வீடு இருந்த இடத்திலேயே நிற்பதுதான் எல்லாவற்றிலும் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது முடியாமல் போகும்போது ஓர் அருங்காட்சியகம் செய்வது சிறிய உதவி அல்ல.

சில்லறைச் செய்திகள் சில. கார்த்திகை முதல் மாசி வரை போங்கள்; அனுமதி கேட்டுப் போகும் வீடு என்றால் தையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் பிள்ளைகளால் எதையும் கவனிக்க முடியாது. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் பேருந்து உண்டு. செட்டிநாடு என்ற பெயரிலேயே கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ரயில் நிலையமும் உண்டு. பழைய வீடுகளில் கழிப்பறையை எதிர்பார்க்க முடியாது. பெண்பிள்ளைகளை அழைத்துப் போகும்போது அருகில் உள்ள பள்ளி ஒன்றிலோ விடுதியிலோ முன்பே பேசி வையுங்கள். முதல் பயணத்தில் நான் இதைக் கவனிக்காததால் மூன்று பெண்கள் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டார்கள், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கேட்பதில்லை. சாமி அறையையும் முன்னோர் படங்களையும் படம் எடுக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வீடும் ஒரு தொழிலும் போதும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் முதலிரண்டும் பிள்ளைகள் மனத்திலிருந்து போய்விடும்.

வினாத்தாளுக்குப் பதிலாக இப்போது நான் கேட்பது ஒரு வரைபடம் மட்டும்தான். பார்த்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து, ஒவ்வோர் அறையிலும் அங்கே நடந்த வேலையையும் செய்தவரையும் எழுத வேண்டும். இரண்டாவது பயணம் முடிந்த வாரத்தில் 14 படங்கள் வந்தன. பதின்மூன்று பேர் தாளின் அடியில் முகப்பையும் திண்ணையையும் வரைந்து, அங்கிருந்து மேலே மேலே போயிருந்தார்கள். அம்மாச்சியின் பேத்தி தாளின் அடியில் தோட்டத்துக் கதவை வரைந்திருந்தாள். அடுத்து கிணறு, அடுத்து உரல், அதன் இருபுறமும் இரண்டு பெண்கள். ஒருத்தியின் உலக்கை மேலே, மற்றவளுடையது கீழே. உரலுக்குப் பக்கத்தில் அம்மாச்சியின் பெயரையும் அம்மாச்சியின் தாயின் பெயரையும் எழுதியிருந்தாள். இரண்டாங்கட்டு வாசற்படியை மற்ற எல்லாக் கோடுகளையும் விடத் தடிமனாக இழுத்திருந்தாள். முகப்பும் திண்ணையும் தாளின் மேல் விளிம்பில் இடம் போதாமல் சிறியதாக இருந்தன.

வருகிற மார்கழியில் அந்த வீட்டுக்கு மறுபடி போகிறோம். பங்காளிகள் மூவரிடமும் பேசிவிட்டேன். அம்மாச்சி, இந்த முறை முழு மாவு இடித்துப் பணியாரமும் சுட்டுக் காட்டுகிறேன், அரிசியை முதல் நாளே ஊறப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.